வாத்தியாருக்குக் கற்றுக்கொடுப்பவர் யார்?



நம் பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லையென்றால் பிள்ளையைத் திட்டுகிறோம். கொஞ்சம் துணிந்தவர்கள் வாத்தியாரைக் குறை சொல்கிறார்கள். அந்த வாத்தியாருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்த கல்லூரியை நாம் கேட்பதே இல்லை.

குட்வில் எஸ்டேட்டில் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, மேல்வகுப்புப் புத்தகத்தில் ஆங்கிலம். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. டியூஷனுக்குக் கொடுக்கக் கூலியில் மிச்சமில்லை. வகுப்பறையில் கிடைப்பதுதான் அந்தப் பிள்ளையின் ஆங்கிலம். ஆகவே ஆசிரியர் பயிற்சியின் தரம் படித்தவர்களின் தனிப் பிரச்சினை அல்ல, நம் பிரச்சினை.

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தாகூர் அரசு கல்வியியல் கல்லூரி பல ஆண்டுகளாகப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எட். நடத்திவந்தது. 2014-ஆம் ஆண்டு மத்திய விதிகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கி, அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் கழிய வேண்டும் என்றன. ஏட்டில் இது நல்ல விதிதான். அந்த 20 வாரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

பழைய அனுபவம் ஒன்று நமக்குப் பாடம். 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னைப் பகுதிப் பள்ளிகளில் ஒரு புதுமுறையைச் சோதித்தார். இலக்கணத்தை உருப்போட வைக்காமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துப் பிள்ளைகளை யோசித்து விடை காணச் செய்தார். உலகமே பேசிய முயற்சி அது. ஆனால் பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? பயிற்சி நிபுணர்கள் நடத்திய வகுப்புகளில் அம்முறை ஓடியது. சாதாரணப் பள்ளி ஆசிரியர்கள் பலரின் கையில் தடுமாறியது. முறை எவ்வளவு உயர்ந்ததானாலும், நெரிசலான வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு அது கைவந்ததா என்பதே உரைகல்.

ஆகவே தேர்ச்சி விகிதத்தையும் பட்டமளிப்புப் படத்தையும் காட்டி நம்மை ஏமாற்ற இடங்கொடுக்கலாகாது. நாம் கேட்க வேண்டியவை நான்கு:

பயிற்சி மாணவர் எத்தனை நாள் தனியே நின்று ஆங்கில வகுப்பு எடுத்தார்?

பேராசிரியர் எத்தனை முறை பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துத் திருத்தினார்?

தமிழோ வங்காளமோ பேசும் பிள்ளைக்கு ஆங்கிலம் எங்கே இடறும் என்று சொல்லித்தந்தார்களா?

வேலைக்குப் போன பின் அந்த ஆசிரியரின் வகுப்பை யாராவது போய்ப் பார்த்தார்களா?

இவற்றைக் கேட்க நமக்குப் பட்டம் வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் எந்த அரசு கல்லூரியையும் எழுத்து மூலம் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. அடுத்த கூட்டத்தில் சங்கத்தின் பெயரைச் சொல்லிப் பேசிவிட்டுக் கலைந்தால் போதாது. ஆளுக்கொரு மனு எழுதி அனுப்புவோம். ஆங்கிலம் தெரியாத தகப்பனின் கேள்விக்கும் கல்லூரி பதில் சொல்லியாக வேண்டும்.