தோட்டாவை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டு மேசையிலேயே தயாரித்துக்கொள்ள ஒரு மெஷின் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் என் அண்ணன் மகன் சொல்லித்தான் தெரியும். அண்ணன் சொல்தாவாகப் போனவர். மகன் பிரான்சிலேயே வளர்ந்தவன், அங்கே துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் உறுப்பினன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சுத்துக்கேணிக்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறான். "சித்தப்பா, சாமான்களோடு என் பிரெஸ்ஸையும் அனுப்பிவிடலாமா? அது துப்பாக்கி இல்லையே, வெறும் இரும்புதானே" என்று போனில் கேட்டான். கூடவே கூடாது என்று சொன்னேன். ஏன் என்பதைப் போனில் விளக்க முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். அவனுக்குத் தமிழ் படிக்க வராது என்பது வேறு விஷயம்.

முதலில் அந்த மெஷினைப் பற்றி. ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் கேப்பு, உள்ளே மருந்து, மேலே குண்டு. பிரெஞ்சில் தூய், அமோர்ஸ், பூத்ர், பால் என்று நாங்கள் பள்ளியில் படித்த அதே சொற்கள்தான். சுட்டபின் கேப்பும் மருந்தும் எரிந்துவிடும், குண்டு போய்விடும். கூடு மட்டும் அப்படியே கிடக்கும். நான்கிலும் விலை கூடியது அதுதான். அதைப் பொறுக்கி வந்து மறுபடி நிரப்புவதுதான் இந்த வேலை. சாதாரண பிரெஸ்ஸில் ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் நடக்கும். புரோக்ரசிவ் என்கிற வகையில் கீழே ஒரு வட்டத் தட்டு, அதில் நாலைந்து கூடுகள் வரிசையாக நிற்கும். கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒன்றில் பழைய கேப்பு வெளியேறிக் கூடு அளவுக்கு வரும். இன்னொன்றில் மருந்து விழும். அடுத்ததில் குண்டு உட்காரும். கடைசியில் வாய் இறுகும். தட்டு திரும்பும். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா தட்டில் விழும். அமெரிக்காவில் தில்லன் என்ற கம்பெனி இதற்குப் பெயர் பெற்றது. பழகிய கை மணிக்கு 400 தோட்டா செய்யும் என்கிறார்கள். முறுக்குப் பிழிகிற மாதிரி.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. பிரான்சில் துப்பாக்கி அனுமதி உள்ளவர் செய்துகொள்ளலாம். ஆனால் கைத்துப்பாக்கிக்கு அனுமதி ஐந்து வருஷத்துக்குத்தான், வீட்டில் இரும்புப் பெட்டி இருக்க வேண்டும், சுடும் சங்கத்தில் உறுப்பினராக இருந்தாக வேண்டும். காகிதம் கேட்பதில் பிரெஞ்சுக்காரனை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நம் ஊர் அலுவலகங்களிலும் விட்டுவிட்டுத்தான் போனான்.

நம் சட்டத்துக்கு வருவோம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் ஆரம்பத்திலேயே சொற்களுக்கு விளக்கம் கொடுக்கும் பிரிவு ஒன்று உண்டு. ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள் தவிர வேறு யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. அதில் 'வெடிபொருள்' என்றால் என்னென்ன என்று அடுக்கிக்கொண்டே வந்து, தோட்டாவின் பாகங்களும் தோட்டா தயாரிக்கும் இயந்திரமும்கூட வெடிபொருள்தான் என்று எழுதியிருக்கிறது. ஆக என் அண்ணன் மகன் சொன்ன அந்த 'வெறும் இரும்பு' நம் சட்டத்தின் கண்ணில் தோட்டாவேதான். உரிமம் இல்லாமல் தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம்.

இது அதிகப்படியான கடுமை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் சில வருஷம் துப்பாக்கி உரிமக் கோப்புகள் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. உரிமத்தில் துப்பாக்கியின் எண் ஒரு இடத்தில் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்ற கணக்கு இருக்கும். கடைக்காரர் ஒவ்வொரு முறை விற்கும்போதும் தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவார். துப்பாக்கி நூறு வருஷம் கெடாமல் இருக்கும், கைமாறும், வைக்கோல் போருக்குள் ஒளியும். அரசாங்கத்தின் கையில் உண்மையான பிடி இந்தத் தோட்டாக் கணக்குதான். மேசையில் உட்கார்ந்து மணிக்கு 400 செய்ய முடிந்தால், அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

தோட்டா எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம் விடுதலைப் போராட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கல்கத்தாவில் 1914 ஆகஸ்டில் ரோடா கம்பெனியின் சரக்கைக் கொண்டுபோனார்களே, அதில் மவுசர் பிஸ்டல் 50, தோட்டா 46,000. பதினாறு வருஷம் கழித்து, 1930 ஏப்ரல் 18 இரவு, சிட்டகாங்கில் சூர்யா சென்னின் ஆட்கள் ஆயுதக் கிடங்கையே பிடித்தார்கள். துப்பாக்கிகள் கிடைத்தன; அவற்றுக்கான தோட்டாக்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தனை துணிச்சலும் அந்த இடத்தில் முடங்கிப்போனது. நம் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் வாஞ்சிநாதனுக்குச் சுடக் கற்றுக்கொடுத்த கதை ஊரறிந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரை மேல் பாய்ந்த குண்டு இந்த நாட்டில் செய்ததாக இருந்திருக்க வழியில்லை. கைத்துப்பாக்கியும் தோட்டாவும் அந்நாளில் கப்பலில் வர வேண்டிய சரக்கு. அந்தக் காலத்தில் இப்படி ஒரு பிரெஸ் கிடைத்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர்கள் அந்நிய ஆட்சியை எதிர்த்தவர்கள். இன்று அந்த மெஷின் யார் கைக்குப் போகும் என்று நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

"விளையாட்டுக்குத்தானே சித்தப்பா" என்றான். அதையும் பார்ப்போம். ஒலிம்பிக்கில் பிஸ்டல் போட்டிகள் இரண்டே வகை. 10 மீட்டரில் காற்றுத் துப்பாக்கி. மனு பாக்கர் 2024இல் பிரான்சில் இரண்டு வெண்கலம் வாங்கியது அதில்தான். அதற்கு மருந்தே கிடையாது. 25 மீட்டரில் பாயின்ட் 22. 2012இல் விஜய் குமார் வெள்ளி வாங்கியது. பாயின்ட் 22 கூட்டுக்குத் தனிக் கேப்பு கிடையாது, விளிம்பிலேயே பற்றும் சரக்கு இருக்கிறது. ஒரு தடவை சுட்டால் அந்தக் கூடு குப்பைக்குத்தான், மறுபடி நிரப்புகிற வழக்கம் இல்லை. மிச்சம் இருப்பது சென்டர் பயர் என்கிற போட்டி, ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினாரே, அது. அதில் பாயின்ட் 32 தோட்டா பயன்படுத்துகிறார்கள், அதை நிரப்பலாம். அந்தச் சிலருக்குத் தோட்டா விலையும் தட்டுப்பாடும் நிஜமான கஷ்டம்தான், மறுக்கவில்லை. அதற்கு வழி சங்கத்தின் கட்டடத்திலேயே, பூட்டிய அறையில், பதிவேடு வைத்து, பொறுப்பானவர் முன்னிலையில் நிரப்பிக் கொடுப்பது. எத்தனை கூடு வந்தது, எத்தனை தோட்டா போனது என்று மாதாமாதம் எழுதி வைக்கலாம். அப்படி ஒரு விதி வந்தால் நான் ஆதரிப்பேன். வீட்டுக் கூடத்தில் வேண்டாம்.

வீட்டில் ஏன் வேண்டாம் என்பதற்குச் சட்டம் தவிர இன்னொரு காரணமும் உண்டு. இந்த வேலையில் பழகியவர்களே சொல்லும் ஆபத்து, மருந்து இரண்டு தடவை விழுவது. பாயின்ட் 38 ஸ்பெஷல் என்கிற பழைய தோட்டாவின் கூடு கருமருந்துக் காலத்து அளவில் நீளமானது. இன்றைய மருந்து அதில் ஒரு சிட்டிகைதான். இரண்டு மடங்கு விழுந்தாலும் பொங்கி வழியாது, கண்ணுக்குத் தெரியாது; சுடும்போது துப்பாக்கியே கையில் பிளக்கும். மருந்தே விழாமல் போனாலும் ஆபத்து. கேப்பின் வேகத்திலேயே குண்டு குழாயில் பாதி தூரம் போய் மாட்டிக்கொள்ளும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கும். அதனால் மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும், ஒவ்வொரு கூட்டையும் விளக்கைப் போட்டு எட்டிப் பார்க்க வேண்டும், பக்கத்தில் டிவி ஓடக் கூடாது, யாரும் பேசக் கூடாது என்று அவர்கள் விதி வைத்திருக்கிறார்கள். கேப்புத் தூசியிலும் குண்டிலும் ஈயம் வேறு. கை கழுவாமல் சாப்பிட்டால் உடம்பில் சேரும். நம் வீட்டில் இது நடக்குமா? பேரப்பிள்ளை ஒரு பக்கம் ஓடும், பால்காரர் கூப்பிடுவார், கரண்ட் போகும், "சாப்பிட வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

நம் மொழியில் வெடிக்கிறதற்கும் மருந்து, குணமாக்குகிறதற்கும் மருந்து. அந்த நெருக்கம்தான் நமக்குப் பயத்தைக் குறைத்துவிட்டதோ என்னவோ. நான் சிறுவனாக இருந்தபோது கரும்புக்கும் மல்லாட்டைக்கும் காவலாக நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் உண்டு. குழாய் வாயில் மருந்தைக் கொட்டி, துணியை அடைத்து, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். யாழ்ப்பாணத்தார் இதை இடியன் துவக்கு என்பார்கள், பொருத்தமான பெயர். பயிர்க் காவலுக்கு இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க ஆயுதச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. அவர்கள் ஒவ்வொரு தடவையும் கையால்தான் நிரப்பினார்கள். ஒரு தடவை நிரப்ப ஒரு சுருட்டு பாதி எரியும். அவசரப்பட்டு யாரையும் சுட முடியாத அந்த நிதானமே பாதுகாப்பு. பிரெஸ்ஸில் அந்த நிதானம் போய்விடுகிறது.

இப்போது நம் பக்கம் நிலைமை என்ன? பேப்பரைத் திறந்தால் வில்லியனூர்ப் பக்கம், பாகூர்ப் பக்கம் நாட்டு வெடிகுண்டு வீச்சு என்று படிக்கிறோம். மீசை முளைக்காத பையன்கள் நூலும் ஆணியும் மருந்துமாகக் கட்டிவிடுகிறார்கள். 2021 தீபாவளியன்று கோட்டக்குப்பத்தில் ஸ்கூட்டரில் நாட்டுப் பட்டாசு மூட்டையோடு போன தகப்பனும் சின்னப் பிள்ளையும் ரோட்டிலேயே சிதறிப்போனதை யாரால் மறக்க முடியும்? அந்தத் தகப்பன் தப்பான ஆள் இல்லை. பண்டிகைக்குப் பட்டாசு கொண்டு போனவர். இந்த ஊரில், இந்தப் பையன்கள் நடுவில், ஒரு வீட்டில் தோட்டா மெஷின் இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கு எத்தனை நாள் பூட்டு தாங்கும்? என் அண்ணன் மகன் யோக்கியன். அவன் வீட்டு ஜன்னல் கம்பிக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

வயதானவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பா, தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கும் வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. உரிமம் யார் பெயரிலோ இருந்து காலாவதியாகியிருக்கும். கூடவே டின் டப்பாவில் பச்சை பிடித்த தோட்டாவும் இருக்கும். அதைக் குறடு வைத்துப் பிரிக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். எடுத்துக்கொண்டு நடக்கவும் வேண்டாம். பக்கத்துக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, அவர்களை வரச் சொல்லி ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணோடு தோட்டா எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுவார்கள்.