மக்காச்சோளக் காட்டுக்கு அடியில்

அமெரிக்காவுல தனியார் நிலத்துல கிடைக்கிற கல்லாயுதம், பானை ஓடு எல்லாம் நிலத்துக்காரருக்கே சொந்தம். இல்லினாய் மாநிலத்துல பழைய புதைகுழிகளை அனுமதியில்லாம தோண்டக்கூடாதுன்னு 1989ல ஒரு சட்டம் வந்துச்சு. மத்ததெல்லாம் விவசாயியோட மனசைப் பொறுத்தது.

அங்கே இல்லினாய் ஆத்துப் பள்ளத்தாக்குல கோஸ்டர்ங்கிறவரோட மக்காச்சோளக் காடு. பக்கத்து விவசாயி ஒருத்தர் சொல்லித்தான் ஸ்டூவர்ட் ஸ்ட்ரூவர்ங்கிற தொல்லியல் பேராசிரியர் அங்கே வந்தார். 1969லேருந்து 1978 வரைக்கும் தோண்டினாங்க. 30 அடிக்கு மேல இறங்கிச்சு குழி. ஒவ்வொரு காலத்து மக்கள் வாழ்ந்த தடமும் அடுக்கடுக்கா இருந்துச்சு, நடுநடுவுல வெறும் மண். சுமார் 10 ஆயிரம் வருஷத்துக்கு முந்தி பதவிசாப் புதைச்ச நாய்கள்கூட கிடைச்சுது. விளையிற நிலத்துல அவ்வளவு பெரிய குழின்னா எனக்கே வயிறு கலங்கும். அந்தக் குடும்பம் சம்மதிச்சுது. அப்புறம் குழியை மூடிட்டாங்க.

நாளைக்கு அந்தப் பக்கம் டிராக்டர் ஓட்டப்போறது உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கதான். பக்கத்துல கேம்ப்ஸ்வில்லுங்கிற சின்ன ஊர்ல இருக்கிற தொல்லியல் மையம் பள்ளி மாணவர்களுக்கும் அகழாய்வு சொல்லித்தருது. நல்ல விஷயம். ஆனா கிராமத்துப் பள்ளிகளே குறைஞ்சுக்கிட்டு வருதே? 1939-40ல அமெரிக்காவுல 1,17,000க்கு மேல இருந்த பள்ளி மாவட்டங்கள் இப்போ சுமார் 13,000. இணைச்சா காசு மிச்சம்னு கணக்கு காட்டுவாங்க. தூரத்து ஊருக்கு பஸ்ஸுல போற புள்ளைக்கு அவங்க காட்டுக் கதையை எந்த வாத்தியார் சொல்லுவார்? எகிப்து பிரமிடு பாடத்துல இருக்கும், அப்பன் உழுற மண்ணு இருக்காது. உழும்போது ஒரு கல் அம்புமுனை தட்டுப்பட்டா விக்கிறதா, விவரம் தெரிஞ்ச யாரையாவது கூப்பிடுறதான்னு அந்தப் புள்ளைதான் முடிவெடுக்கணும்.