குறைய ஓடுவோர்க்கு ஏற்ற கார்

மோட்டார்க் கார் வாங்க எண்ணுவோர் பெரும்பாலும் முதலிற் கேட்கும் வினா, "ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்பதே. 2022ஆம் ஆண்டிலே பெற்றோல் நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசையில் நின்றவர்களிடம் இவ்வினா எழுவது இயல்பு. ஆயினும், எல்லோருக்கும் இதுவே முதல் வினாவாதல் வேண்டுமா என்பதனை இவ்வாரம் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

கார் உடையோர் இரு வகையினர். நாள்தோறும் தொழிலின் பொருட்டு நெடுந்தூரம் செல்வோர் ஒரு சாரார். வாரத்தில் இருமுறை சந்தைக்கும், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும், எப்போதாவது உறவினர் வீட்டுக்கும் சென்று வருவோர் மற்றொரு சாரார். ஓய்வு பெற்றோரும், பாடசாலைக்கு அருகே குடியிருக்கும் ஆசிரியரும், வீட்டிலிருந்தே தொழில் பார்ப்போரும் இப்பின்னைய வகையினர். இவர்களது கார் ஆண்டு முழுவதும் 3,000 கிலோமீற்றர் ஓடினாலே பெரிது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் கார் 3,000 கிலோமீற்றருக்கு 300 லீற்றர் குடிக்கும். 20 கிலோமீற்றர் ஓடும் கார் 150 லீற்றர் குடிக்கும். வேறுபாடு 150 லீற்றர். கணக்கின் வசதிக்காக லீற்றர் ஒன்று 300 ரூபா என வைத்துக்கொண்டால், ஆண்டொன்றுக்கு மிச்சமாவது 45,000 ரூபா. ஆண்டுக்கு 20,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கோ இதே வேறுபாடு மூன்று இலட்சம் ரூபாவாகும். சிக்கனமான காரை வாங்குவதற்கு இலட்சக் கணக்கில் மேலதிகமாகக் கொடுப்பின், நெடுந்தூரம் ஓடுபவர் அதனைச் சில ஆண்டுகளில் மீட்டுவிடுவார். குறைய ஓடுபவர் தம் ஆயுளில் மீட்பாரா என்பது ஐயமே.

ஆகவே, குறைய ஓடுவோருக்கு மற்றையோருக்கு இல்லாத ஒரு சுதந்திரம் உண்டு. கண்ணுக்கு அழகானதும், ஓட்டுவதற்கு இன்பமானதுமான ஒரு பழைய காரைத் தம் மனம்போலத் தெரிந்துகொள்ள அவர்களால் முடியும். அவ்விருப்பத்தை வீண் ஆசையென்று வீட்டார் நகைப்பது நியாயமன்று. ஆயினும் அச்சுதந்திரத்துக்கு ஒரு விலையுண்டு. அதனை அறியாமற் காசைக் கொடுப்போரே பின்னர் வருந்துவர்.

நம் நாட்டில் இவ்வருத்தம் சிறியதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்வாறு வருவனவற்றின் மீதும் வரி கடுமை. இதனால் பாவித்த கார்களின் விலையும் உயர்ந்தே நிற்கின்றது. ஓய்வூதியப் பணிக்கொடை முழுவதையும் ஒரு காரில் இடும் குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பத்துக்குத் தவறான தெரிவு மகளின் திருமணச் செலவையோ மகனின் படிப்பையோ தாக்கும் காரியமாகும்.

ஓடும் கார் தேயும் என்பது எல்லோரும் அறிந்தது. நிற்கும் கார் அழியும் என்பதைப் பலர் அறியார். சில கிழமை ஓடாது நின்றால் பற்றறி தானாகவே வலுவிழக்கும். சில மாதம் நின்றால் பெற்றோல் பிசின்போலாகிக் காபரேற்றரின் நுண்ணிய துளைகளை அடைக்கும். பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஆதலின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றல் வேண்டும். ரயரின் பூக்கள் புதிதுபோலத் தோன்றும்; உள்ளே றபர் முதுமையடைந்திருக்கும். ஐந்து நிமிடம் ஓடி நிற்கும் எஞ்சினோ நன்கு சூடேறுவதில்லை. அதனுள் ஊறும் நீர் ஆவியாகி வெளியேறாமல் ஒயிலோடு கலக்கும். புகைக்குழாயை உள்ளிருந்தே கறள் தின்னும். இவற்றோடு, கொட்டகையில் நிற்கும் காரின் வயர்களை எலி கடிப்பதும் நம் ஊர்களில் உண்டு.

இவ்வுண்மையிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. ஒன்று, மீற்றரில் குறைந்த எண் காட்டும் பழைய கார் தானாகவே நல்ல காராகிவிடாது. இருபத்தைந்து ஆண்டில் 30,000 கிலோமீற்றர் மட்டும் ஓடிய காரெனின், அது நெடுங்காலம் நின்ற கார் என்பதே பொருள். அன்றி, மீற்றர் திருப்பப்பட்டிருத்தலும் கூடும். பிறேக் மிதியின் றபர் வழுவழுப்பாகத் தேய்ந்தும் சுக்கானின் பிடி மெருகேறியும் இருக்க, மீற்றர் மட்டும் இளமை காட்டுமாயின் ஐயுறுதல் தகும்.

மற்றொன்று, குறைய ஓடுபவர் ஓய்வைத் தாங்கும் எளிய இயந்திரத்தையே நாடல் வேண்டும். அண்மைக் காலத்து ஹைபிரிட் கார்கள் நாள்தோறும் நகரிலே ஓடுவோருக்குப் பெரிதும் ஏற்றவை. ஆயின் மாதக் கணக்கில் நின்றால் அவற்றின் சிறிய பற்றறி செத்துக் கார் உயிர்பெற மறுக்கும். பெரிய பற்றறித் தொகுதியோ ஓடினாலும் நின்றாலும் முதுமையடையும். அதனை மாற்றும் செலவு, பல ஆண்டுகள் மிச்சம் பிடித்த பெற்றோற் காசை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

இனி, அழகும் எளிமையும் ஒருங்கே வாய்ந்த கார்கள் மூன்றனைக் கூறுவோம்.

முதலாவது மொறிஸ் மைனர். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் வெளிவந்த இதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். தயாரிப்புத் தொடங்குமுன், வண்டி ஒடுங்கித் தோன்றுகின்றதெனக் கருதிய அவர் மாதிரி வண்டியை நீளவாட்டில் இரண்டாக அறுப்பித்து, நடுவே நான்கு அங்குலம் சேர்த்தார். முன்மூடியின் நடுவிலே ஓடும் தட்டையான பட்டை அதன் அடையாளமே. உற்பத்தியில் பத்து இலட்சம் என்ற எண்ணை எட்டிய முதற் பிரித்தானியக் காரும் இதுவே. இதன் சுக்கான் கைக்கு அடங்கி, வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்கும். வாங்குவோர், 1956இன் பின்னர் வந்த 948 சி.சி. எஞ்சினையோ, 1962இன் பின்னர் வந்த 1098 சி.சி. எஞ்சினையோ உடையதைத் தேடுதல் நன்று.

இதன் உதிரிப்பாகங்களுக்கு நம் நாட்டில் முற்றான பஞ்சமில்லை. 1990களிலே தென்னிலங்கையில் மைனரின் உடற்பாகங்கள் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கே அனுப்பப்பட்டன என்பது பலர் அறியாத செய்தி. எளிமையின் சிறப்பை யாழ்ப்பாணத்தவருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1990களிலே குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களே சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரையும் மணமக்களையும் சுமந்தன. அமுக்க விகிதம் குறைந்த எஞ்சினும், கையாற் கழற்றிப் பூட்டத்தக்க காபரேற்றரும் இருந்தமையாலேயே அது கைகூடிற்று.

இரண்டாவது வொக்ஸ்வாகன் பீற்றில். 1938ஆம் ஆண்டிலே தொடங்கிய இதன் வரலாறு 2003ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் முடிவெய்தியது. இரண்டு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை உற்பத்தியாயின. இதன் எஞ்சின் பின்புறத்தில் உளது, காற்றாலே குளிர்வது. றேடியேற்றர் இன்மையால் தண்ணீர் ஒழுகுவதும், நெடுநாள் நின்று துருவேறுவதும் இல்லை. ஆயினும் எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியை ஒரு பட்டியே சுழற்றுகின்றது. அது அறுந்தால் அக்கணமே வண்டியை நிறுத்துதல் வேண்டும். பழைய பெற்றோற் குழாய் வெடித்து எஞ்சின்மீது ஒழுகின் தீப்பற்றும். வாங்கிய அன்றே அக்குழாய்களைப் புதுப்பித்தல் அறிவுடைமை.

மூன்றாவது நிசான் மார்ச், 1992 முதல் 2002 வரை வந்த உருண்டை வடிவினது. மேற்கூறிய இரண்டின் பழமைக் கவர்ச்சி இதற்கில்லை. ஆயினும் சிரித்த முகத்தோடு நிற்கும் இச்சிறு கார் 1993இல் ஐரோப்பாவின் சிறந்த காருக்கான விருதைப் பெற்றது. அவ்விருதைப் பெற்ற முதல் ஜப்பானியக் கார் இதுவே. எஞ்சினுள்ளே றபர்ப் பட்டிக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால், ஆண்டுக் கணக்கில் பட்டி மாற்றும் செலவில்லை. கையாற் கியர் மாற்றும் வகையே சிறந்தது. பட்டியும் மின்காந்தக் கிளச்சும் கொண்ட தானியங்கி வகை முதுமையில் தொல்லை தரும்.

மூன்றனுள் எதுவாயினும், எஞ்சினைப் பார்க்குமுன் உடலைப் பாருங்கள். எஞ்சினைத் திருத்தலாம்; கறள் தின்ற உடலைத் திருத்துவது வீட்டைப் பிரித்துக் கட்டுவது போன்றது. புதுப்பூச்சு மின்னும் காரைவிட, பழைய பூச்சோடு உள்ளதை உள்ளபடி காட்டும் கார் நம்பத்தக்கது. மைனரில் கதவின் கீழ்ப்பகுதி, தரைத் தகடு, பின்வில் பூட்டிய இடம் ஆகியவற்றையும், பீற்றிலில் பின்னாசனத்தின் கீழே பற்றறி இருக்கும் தரையையும் கட்டாயம் தட்டிப் பார்த்தல் வேண்டும். மைனரின் முன்சில்லு மூட்டுகளுக்குக் கிறீஸ் இடப்பட்டதா எனவும் வினவுக. கிறீஸின்றித் தேய்ந்த மூட்டுக் கழன்று சில்லுச் சாய்ந்து விழுவதுண்டு.

ரயரின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருப்பின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையிற் செய்யப்பட்டது என்பது பொருள். பத்து ஆண்டைக் கடந்த ரயர் எவ்வளவு புதிதாகத் தோன்றினும் அதனை நம்பற்க. பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்தல் வேண்டும். பழைய கார்களில் எஞ்சின் மாற்றப்பட்டிருத்தல் பெருவழக்கு. நிதி நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக நின்றால், அது நீக்கப்பட்டதா என மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவ்விடத்திலே வீட்டிலுள்ள தாய்மார் கேட்கும் ஒரு வினாவை நாம் ஒதுக்கிவிடலாகாது: "பேரப்பிள்ளைகளை இதில் ஏற்றிச் செல்லலாமா?" மைனரும் பழைய பீற்றிலும் விபத்தில் உள்ளிருப்போரைக் காக்கும் காற்றுப் பைகள் அற்றவை. ஆதிகால வண்டிகளில் ஆசனப் பட்டியும் இல்லை. மைனரின் நான்கு சில்லுகளுக்கும் உருளைப் பிறேக்குகளே. இன்றைய கார் நிற்கும் தூரத்தில் அது நில்லாது. ஆசனப் பட்டி பூட்டுவித்து, ஊருக்குள்ளே பகலில் நிதானமாக ஓட்டுவோருக்கு இவை தகும். நள்ளிரவில் வைத்தியசாலைக்கு விரையவும், ஏ-9 வீதியில் பேருந்துகளோடு பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும் இருப்பது ஒரே காராயின், மார்ச் போன்ற பிற்காலக் காரே பொருத்தம். அதிலும் காற்றுப் பை உள்ளதைத் தேடியெடுத்தல் நன்று. அழகின்பொருட்டு இவ்விடயத்தில் விட்டுக்கொடுத்தல் ஆகாது.

வாங்கியபின் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: கிழமைக்கு ஒருமுறை காரை வெளியே எடுத்து, இடைவிடாது அரை மணி நேரம் ஓட்டுதல். முற்றத்தில் நிறுத்தியபடியே ஐந்து நிமிடம் எஞ்சினை இயக்குவது நன்மையன்று, தீமையே. நெடுநாள் நிறுத்தவேண்டி வரின் கைப்பிறேக்கை இழுத்து வையாது, கியரில் இட்டு, சில்லுக்குக் கட்டையை அண்டக் கொடுங்கள். பற்றறியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள்.

மாணவர்களுக்கும் இதிலே கற்கத்தக்கது உண்டு. பழைய காரின் முன்மூடியைத் திறந்தால், பௌதிக நூலில் படிக்கும் நெம்புகோலும், மின்சுற்றும், வாயு விரிவும் கண்முன்னே தொழிற்படக் காணலாம். தந்தையோடு நின்று தீப்பொறிச் செருகியைத் துடைக்கும் பிள்ளைக்கு அப்பாடம் மறவாது.

எந்தக் கார் சிறந்தது என்று எம்மைக் கேட்போருக்கு நாம் கூறும் விடை இதுவே. குறைய ஓடுவோருக்குச் சிறந்த கார், உடலிற் கறளில்லாதது; ஊர்த் திருத்துநர் கைக்கு அடங்குவது; ஞாயிற்றுக்கிழமை காலையில் காரணமின்றியும் வெளியே எடுக்கத் தூண்டுவது. விருப்பமில்லாத காரைச் சிக்கனம் கருதி வாங்கியவர் அதனைக் கொட்டகையில் மறந்துவிடுவார். நின்று நின்றே அது அழியும். விரும்பி வாங்கியவர் துடைப்பார், ஓட்டுவார், அதன் ஓசையில் நேர்ந்த சிறு மாற்றத்தையும் உடனே அறிவார். குறைய ஓடும் காருக்கு உடையவரின் விருப்பமே பாதிப் பராமரிப்பு. மற்றப் பாதிக்கு, கொடுக்கும் விலையோடு ஐந்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வைத்துக்கொண்டு பேரம் பேசப் புறப்படுங்கள்.