தனி கப் வேண்டாமே... எல்லாருக்கும் தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம்!

நான் மும்பைக்கு வேலைக்கு வந்தது 2004ல. முதல் ரெண்டு வருஷம் மாட்டுங்கா லேபர் கேம்ப்ல அத்தை வீட்டுப் பரண்லதான் குடித்தனம். பத்துக்குப் பன்னெண்டு அடி வீடு, அதுக்குள்ள ஏழு பேர். விடிஞ்சும் விடியாம சைக்கிள்ல இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டுக் கிளம்புறவங்க சத்தம்தான் நமக்கு அலாரம். இப்போ செம்பூர்ல ரெண்டு ரூம் வீட்டுல இருக்கேன். ஆனாலும் மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு கேம்புக்குப் போகலைன்னா சோறு இறங்காது.

இந்தப் பதிவு அத்தையோட பேரனைப் பத்தினது. ஒன்பது வயசு. அவனுக்குப் பால் ஒத்துக்காது. குடிச்ச ஒரு மணி நேரத்துல வயிறு உப்பிக்கும், இழுத்துப் பிடிக்கும், அப்புறம் வயித்தாலயும் போகும். ரொம்ப நாளா வீட்டுல எல்லாரும் "பால் குடிக்க சோம்பேறித்தனம், நடிக்கிறான்"னுதான் திட்டிக்கிட்டு இருந்தோம் (நானும்தான், மறைக்க என்ன இருக்கு). டாக்டர்தான் பாலில் இருக்கிற லாக்டோஸ் சேரலைன்னு சொன்னார்.

அப்புறம் நான் ஒரு காரியம் பண்ணினேன் பாருங்க. பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்கு எல்லாப் பிள்ளைங்களுக்கும் கப் ஐஸ்கிரீம். இவன் பாவமா நின்னான். கடைக்குப் போனேன். ஒரு கப்புல 'ஃப்ரோசன் டெஸர்ட்', 'தாவரக் கொழுப்பு'ன்னு போட்டிருந்தது. ஆஹா, பால் இல்லாத ஐஸ்கிரீம் கிடைச்சாச்சுன்னு வாங்கிக் குடுத்துட்டேன். அன்னைக்கு ராத்திரி பையன் சுருண்டு படுத்துட்டான். மறுநாள் அந்தக் காலி டப்பாவை எடுத்துப் பொடி எழுத்தைப் படிச்சா, தண்ணி, சர்க்கரைக்கு அடுத்து 'பால் திடப்பொருள்'! தப்பு முழுக்க என்னோடது.

உங்களுக்கும் உதவும், அதனால சொல்றேன். ஃப்ரோசன் டெஸர்ட்டுன்னா பால் கொழுப்புக்குப் பதிலா தாவர எண்ணெய்க் கொழுப்பு சேர்த்திருக்காங்கன்னு அர்த்தம். பாலே இல்லைன்னு அர்த்தம் இல்லை. பெரும்பாலானதுல பால் பவுடர் இருக்கும். ஐஸ்கிரீமா, ஃப்ரோசன் டெஸர்ட்டான்னு ரெண்டு பெரிய கம்பெனிங்க விளம்பரச் சண்டை போட்டு 2017ல பம்பாய் உயர்நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. சண்டை கொழுப்பைப் பத்தினதுதான். அதனால டப்பா முன்னாடி இருக்கிற படத்தை நம்பாதீங்க. பின்னாடி அலர்ஜி பத்தின வரியில 'பால்'னு இருக்கான்னு பாருங்க.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் பையன் ஒரு பழக்கம் பிடிச்சுக்கிட்டான். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், யாரும் கேக்குறதுக்கு முன்னாடியே "எனக்கு வேண்டாம் மாமா"ன்னு தள்ளிப் போய் நின்னுக்குவான். கையில அவங்க அம்மா குடுத்த ஒரு பிஸ்கட் பாக்கெட். எனக்கு மனசு கேக்கலை. ஆபீஸ் பக்கத்துல பெரிய கடையில பாதாம் பால், ஓட்ஸ் பால்ல செஞ்ச ஐஸ்கிரீம் விக்கிறான், விலை கொஞ்சம் கூடத்தான். "அத்தை, இனிமே இவனுக்கு மட்டும் தனியா வாங்கிட்டு வந்து வச்சிடுறேன்"னு சொன்னேன்.

அத்தை அரிசி புடைக்கிறதை நிறுத்திட்டாங்க.

"எய்யா, இந்த வீட்டுல யாருக்கும் தனிக் கப்பு கெடையாது. எம் மாமனாரு ஊரை விட்டு இங்க வந்ததே, டீக்கடையில நமக்குன்னு தனியா வச்சிருந்த கிளாஸ்ல குடிக்க மாட்டேன்னுதான். செய்யிறதா இருந்தா எல்லாருக்கும் ஒண்ணா செய்யி. இல்லைன்னா யாருக்கும் வேண்டாம்."

எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. திருநெல்வேலிச் சீமையில இருந்து தாராவிக்கு வந்த எத்தனையோ குடும்பத்துக்குப் பின்னாடி அந்த ரெட்டைக் குவளை இருக்கு. தோல் பதனிடுற வேலையோட நாத்தத்தைக்கூடச் சகிச்சுக்கிட்டாங்க, அந்தக் கிளாஸைச் சகிக்கலை. அந்தக் கிளாஸும் நான் வாங்கிட்டு வர்ற கப்பும் ஒண்ணு இல்லைன்னு எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அது அவமானம் பண்றதுக்குன்னே வச்சது, இது பாசத்துல குடுக்கிறது. ஆனா வாங்கிக்கிற ஒன்பது வயசுப் பிள்ளைக்கு 'எல்லாருக்கும் ஒண்ணு, உனக்கு வேற'ங்கிறது மட்டும்தானே தெரியுது? அத்தை சொன்னதுல அந்த அளவுக்கு நியாயம் இருக்கு.

இத்தனைக்கும் இவன்தான் அதிசயம்னு இல்லை. தாய்ப்பால் குடிக்கிற வயசுல லாக்டோஸைச் செரிக்கிற லாக்டேஸ்ங்கிற என்சைம் எல்லாக் குழந்தைக்கும் சுரக்கும். வளர வளர உலகத்துல பெரும்பாலானவங்களுக்கு அது குறைஞ்சு போகும். இந்தியாவுல வடமேற்கை விட நம்ம தெற்குப் பக்கம் இப்படிக் குறையுறவங்க அதிகம். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்க பாக்டீரியா கையில சிக்கி வாயுவாகுது, அவ்வளவுதான் விஷயம். நிறைய பேருக்குக் கொஞ்சம் பால் ஊத்தின டீயோ தயிர்சாதமோ ஒண்ணும் பண்ணாது. தயிர்ல பாதி வேலையை பாக்டீரியாவே முடிச்சிடும். நம்ம பெரியவங்க மோரா கடைஞ்சு குடிச்சது சும்மா இல்லை.

சரி, ஐஸ்கிரீமுக்கு வருவோம். மூணு ஞாயிறு சொதப்பி, நாலாவது ஞாயிறு சரியா வந்தது. நம்ம ஊர் சரக்கு மட்டும்தான்:

பெரிய தேங்காய் ரெண்டு. துருவி, வெதுவெதுப்பான தண்ணி அரை டம்ளர் விட்டு அரைச்சு, கெட்டியான முதல் பால் எடுத்துத் தனியா வைங்க. அதே சக்கையில இன்னும் ஒரு டம்ளர் தண்ணி விட்டு ரெண்டாம் பால். ரெண்டாம் பாலில் ரெண்டு ஸ்பூன் அரிசி மாவைக் கட்டியில்லாம கரைச்சு, கூழ் மாதிரி ஆகுற வரைக்கும் காய்ச்சுங்க. 150 கிராம் கருப்பட்டியைக் கொஞ்சமா தண்ணி விட்டுக் கரைச்சு வடிகட்டுங்க, மண்ணு இருக்கும். ரெண்டும் நல்லா ஆறணும். ஆறினதுக்கு அப்புறம்தான் முதல் பாலைச் சேர்க்கணும். சூட்டுல சேர்த்தா திரிஞ்சு போகும் (என்னோட முதல் ஞாயிறு). நல்லாக் கனிஞ்ச வாழைப்பழம் ரெண்டை மசிச்சுப் போடுங்க. ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சுக்கு, ஏலக்காய்.

அரிசி மாவும் பழமும் எதுக்குன்னு கேட்டா, தண்ணி பெரிய பெரிய ஐஸ் கட்டியா உறையாம இருக்க. இனிப்பையும் ரொம்பக் குறைச்சிடாதீங்க. சர்க்கரைச் சத்துதான் ஐஸ்கிரீமைக் கல்லாகாம வைக்குது. நான் 'ஹெல்த்தி'யா செய்யிறேன்னு கருப்பட்டியைப் பாதியாக்கி, சுத்தியல் தேட வேண்டியதாப் போச்சு (ரெண்டாவது ஞாயிறு).

ஃப்ரீசர் இருக்கிறவங்க முக்கால் மணிக்கு ஒரு தடவை எடுத்து முள்கரண்டியால நல்லாக் கிளறிவிட்டு மறுபடி வைங்க, மூணு தடவை. அத்தை வீட்டு ஃப்ரிட்ஜ் சின்னது, ஃப்ரீசர் கதவு சரியா மூடாது (மூணாவது ஞாயிறு!). அப்போதான் குல்ஃபிக்காரர் ஞாபகம் வந்தது. அவர் என்ன கரண்ட்டா வச்சிருக்கார்? ஐஸும் கல்லுப்பும்தானே! மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு போட்டா, குளிர் மைனஸ் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். பர்ஃப் கோலா வண்டிக்காரர்கிட்ட ஐஸ் வாங்கி உடைச்சு, பக்கெட்ல உப்போட கலந்து, நடுவுல இறுக்கமா மூடுற எவர்சில்வர் டப்பாவை இறக்கி, மேல சாக்கு போட்டு மூடினோம். டப்பாவைத் திருப்பிக்கிட்டே இருக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் துடைச்சுட்டுத் திறந்து, ஓரத்துல உறைஞ்சதைச் சுரண்டி நடுவுல தள்ளணும். உப்புத் தண்ணி உள்ள போயிடாமப் பாத்துக்குங்க. முக்கால் மணி நேரத்துல குழைவா வந்துடும், உடனே சாப்பிட்டுடணும். சந்துல இருந்த பிள்ளைங்க எல்லாம் முறை வச்சுத் திருப்பினாங்க.

"பாலில்தானே சத்து, அதை நிறுத்தலாமா?"ன்னு சிலர் கேப்பீங்க. நியாயமான கேள்வி. தேங்காய்ப்பாலில் கொழுப்பும் ருசியும் உண்டு, பாலில் இருக்கிற அளவு கால்சியமோ புரதமோ கிடையாது. அதனால இது பாலுக்கு மாற்று இல்லை, ஐஸ்கிரீமுக்கு மாற்று. கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல. எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோட திங்கிற நெத்திலி எல்லாம் இருக்கு. நெல்லைக்காரங்களுக்கு நெத்திலியை நான் சொல்லித்தரணுமா என்ன :-)

ஒரு எச்சரிக்கை. லாக்டோஸ் ஒத்துக்காதது வேற, பால் அலர்ஜி வேற. அலர்ஜி பாலோட புரதத்தால வர்றது. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல்னு உயிருக்கே ஆபத்தாகலாம். அவங்களுக்குத் துளி பால்கூட ஆகாது. கடையில விக்கிற தேங்காய்ப்பால் பவுடர் சிலதுல கேசின்ங்கிற பால் புரதம் சேர்ப்பாங்க, லேபிளைப் படிக்காம வாங்காதீங்க. எது உங்க பிள்ளைக்குன்னு நீங்களா முடிவு பண்ணாம டாக்டரைப் பாருங்க. அலர்ஜி இருக்கிற வீட்டுக்கும் அத்தையோட சட்டம்தான் நல்லது. எல்லாருக்கும் ஒரே டப்பான்னா கரண்டி மாறிப்போச்சுங்கிற பயமே இல்லையே.

நம்ம ஜனங்க எங்க இருந்தாலும், மும்பையோ மஸ்கட்டோ, விசேஷம்னா பிள்ளைங்க கூடும். கூப்பிடும்போதே "உங்க பிள்ளைக்கு ஏதாவது ஒத்துக்காதா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஒருத்தருக்கு ஒத்துக்கலைன்னா, அவர் சாப்பிடக்கூடிய ஒரு பண்டத்தையாவது எல்லாருக்கும் செய்யுங்க. அதுக்குத் தேங்காய் ரெண்டு கூட ஆகலாம், அவ்வளவுதானே.

அந்த நாலாவது ஞாயிறு பதினொரு பிள்ளைங்க, பதினொரு ஸ்டீல் டம்ளர், எல்லாத்துலயும் ஒரே ஐஸ்கிரீம். நம்மாளு முதல் ஆளா நின்னு வாங்கினான். தின்னு முடிச்சிட்டு, டம்ளரை மறுபடி நீட்டினான்.

"ஆச்சி, இன்னும் கொஞ்சம்."

டப்பா அதுக்குள்ள காலி. அடுத்த ஞாயிறு மூணு தேங்காயா வாங்கிட்டுப் போகணும்.