கேமராவுக்கு முன்னால் கதவு மணி

பதிவு கொஞ்சம் நீளம். பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியே இருக்கும் பிள்ளைகள் பொறுமையாகப் படியுங்கள்.

என் அக்காவுக்கு வயது 76. நான்கு வருடமாக மறதிநோய். டிமென்ஷியா என்று டாக்டர் சொன்னார். பார்த்துக்கொள்வது 81 வயது அத்தான். மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் "எழுதுங்க சித்தி, நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஊருக்கு வந்தபோது கூடம், அடுப்படி, படுக்கையறை என்று மூன்று கேமரா மாட்டிவிட்டுப் போனான். பாசத்தில் செய்ததுதான். ஒரு நாள் அக்கா, "எங்கப்பா எப்ப வருவாக?" என்று ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். எங்கள் அப்பா இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அத்தான் பொறுமை இழந்து சத்தம் போட்டுவிட்டார். உடனே போன் வந்தது: "ஏம்ப்பா அம்மாவைத் திட்டுறீங்க?"

மறுநாள் நான் போனபோது அத்தான் சொன்னார்: "ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தா உனக்கு எப்படி இருக்கும்? எனக்கு தினமும் இன்ஸ்பெக்ஷன்மா."

அதே வாரம், விடியற்காலை நான்கு மணிக்கு அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாயைத் தேடிப் போய்விட்டாள். அந்தக் குழாயை எடுத்தே பல வருடம் ஆயிற்று. அத்தான் அசதியில் தூங்கிக்கொண்டிருந்தார். மகன் ஆபீஸிலிருந்து கார் ஓட்டி வந்துகொண்டிருந்தான். பால்காரர்தான் பார்த்துக் கூட்டி வந்தார். அக்கா வெளியே போனது கேமராவில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. என்ன பயன்?

அதன்பின் எலெக்ட்ரீஷியன் தம்பி ஒரு கதவு மணி மாட்டினார். காந்தம் வைத்த சின்னக் கருவி. சில நூறு ரூபாய்தான். கதவு திறந்தால் அத்தான் கட்டிலருகே மணி அடிக்கும். இப்போது அவர் தூங்குகிறார்.

என் கருத்து இதுதான். மறதிநோய் உள்ள வீட்டுக்கு எந்தக் கருவி வாங்கினாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இது பார்த்துக்கொள்பவருக்கு ஒரு மணி நேரம் தூக்கம் தருமா, இல்லை இன்னொரு வேலையைத் தருமா?

நாங்கள் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன்.

படுக்கையிலிருந்து கழிப்பறை வரை, ஆள் நடந்தால் தானே எரியும் விளக்கு: மிகவும் நல்லது. மணி அடிக்கும் மாத்திரைப் பெட்டி: ஆரம்ப நிலையில் உதவியது; பிறகு மணி ஏன் அடிக்கிறது என்றே அக்காவுக்குத் தெரியவில்லை. பேசும் ஸ்பீக்கர்: "வீட்டுக்குள்ள யாரு?" என்று பயந்துபோனாள், எடுத்துவிட்டோம். இடம் காட்டும் ஜிபிஎஸ் கைக்கடிகாரம்: தினமும் சார்ஜ் போட வேண்டும், அவளோ கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிடுவாள். போன் நம்பர் பொறித்த வளையல் மட்டும் கையிலேயே இருக்கிறது. பழைய சினிமாப் பாட்டுகளை ஒரு போனில் ஏற்றிக் கொடுத்தோம். குளிக்க அடம்பிடிக்கும் நேரத்தில் அதுதான் கைகொடுக்கிறது.

காது கேட்கும் கருவியும் தொழில்நுட்பம்தான். 2024-ல் லான்செட் ஆணையம், கவனித்தால் குறைக்கக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவும், சரிசெய்யாத பார்வைக் குறைவும் அதில் உண்டு. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

கேமராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் வீட்டில் அது தேவைப்படலாம். ஆனால் படுக்கையறையில் வேண்டாம். வீட்டில் இருப்பவரைக் கேட்காமல் மாட்ட வேண்டாம். நினைவு போனாலும் மானம் போவதில்லை. சேலை மாற்றும்போது அக்கா இன்னும் கதவைச் சாத்துகிறாள்.

வீடியோ காலில் பேசும்போது "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அது பரீட்சை. 34 வருடம் பரீட்சை வைத்தவள் சொல்கிறேன், பதில் தெரியாமல் நிற்பவரின் முகம் எனக்குத் தெரியும். "அம்மா, நான் உங்க சின்னவன் பேசுறேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அத்தனை வீடுகளிலும் ஒரு அத்தான் இருப்பார். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசு எண்களைக் குறித்து வையுங்கள். பார்த்துக்கொள்பவரும் தனக்காக அழைக்கலாம்.

அக்கா மகன் இரண்டு கேமராவைக் கழற்றச் சொல்லிவிட்டான். வாசலைப் பார்த்த ஒன்று மட்டும் இருக்கிறது. தினமும் நம் மாலை ஆறு மணிக்கு அவன் வீடியோவில் வந்து அம்மாவோடு அரை மணி நேரம் பேசுகிறான். பக்கத்து வீட்டு அம்மா துணைக்கு இருப்பார். அந்த நேரத்தில் அத்தான் டீக்கடை வரை போய்வருகிறார். போன வாரம், நான்கு வருடத்துக்குப் பிறகு, பழைய சிநேகிதரோடு பேப்பர் படித்தேன் என்று சொன்னார்.

இன்ஜினியர் ஆகியிருக்கும் என் பிள்ளைகளே, ஒரு வேண்டுகோள். கருவியை பார்சலில் அனுப்பிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த லீவில் வரும்போது இரண்டு நாள் அந்த வீட்டில் தங்கி, இரவிலும் விழித்திருந்து பாருங்கள். என்ன வாங்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்