செல்ஃப் டிரைவ் கார் எடுக்கிறீங்களா? 'டேமேஜ் புரொடெக்‌ஷன்' வாங்கணுமா, வேண்டாமா?

லீவு கிடைத்ததும் நாலு பேர் சேர்ந்து செல்ஃப் டிரைவ் கார் புக் செய்து ஏற்காடு, கொடைக்கானல் என்று கிளம்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. ஆப்பில் காரைத் தேர்வு செய்து, பணம் கட்டப் போகும் கடைசி நேரத்தில் ஒரு கேள்வி வரும். "டேமேஜ் புரொடெக்‌ஷன் சேர்க்கவா? கூடுதலாக இவ்வளவு ரூபாய்."

"காருக்குத்தான் ஏற்கெனவே இன்ஷூரன்ஸ் இருக்குமே, எதுக்கு இன்னொண்ணு?" என்று வேண்டாம் என்பவர்கள் உண்டு. "எதுக்கு வம்பு" என்று எதையும் படிக்காமல் ஓகே கொடுப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புமே கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அங்கே விற்கப்படுவது பெரும்பாலும் இன்ஷூரன்ஸே கிடையாது.

அப்போ அது என்ன? யாருக்குத் தேவை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காரில் ஏற்கெனவே என்ன இன்ஷூரன்ஸ் இருக்கும்?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். கார் மோதி வேறு ஒருவருக்குக் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால், அதற்கான இழப்பீட்டுக்கு இதுதான் பாதுகாப்பு.

காருக்கே ஏற்படும் சேதத்துக்குத் தனியாக ஓன் டேமேஜ் கவர் வேண்டும். இரண்டும் சேர்ந்ததைத்தான் நம் ஊரில் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்கிறோம். வாடகை கார் நிறுவனங்கள் பொதுவாக இதை எடுத்து வைத்திருக்கும். ஆனால் பாலிசி இருப்பது கார் உரிமையாளர் பெயரில். க்ளெய்ம் பணமும் அவருக்குத்தான் போகும். நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தப் பாலிசி இல்லை, நீங்கள் 'ஐ அக்ரீ' என்று டிக் அடித்த வாடகை ஒப்பந்தம்.

ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தும் என்னிடம் ஏன் காசு கேட்கிறார்கள்?

இதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, தேய்மானம். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள். அடிக்கடி அடிபடுவதே பம்பர்தான், அது பிளாஸ்டிக். 'பம்பர் டு பம்பர்' எனப்படும் ஜீரோ டெப் கவர் இல்லாவிட்டால் பாதிச் செலவு உரிமையாளர் தலையில்.

இரண்டாவது, நோ க்ளெய்ம் போனஸ். ஒரு வருடம் க்ளெய்ம் செய்யாமல் இருந்தால் அடுத்த ஆண்டு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20% தள்ளுபடி. தொடர்ந்து ஐந்து வருடம் என்றால் 50% வரை. ஒரு சின்னக் கீறலுக்காக இதை இழக்க எந்த உரிமையாளரும் விரும்ப மாட்டார். அதனால் டிங்கரிங், பெயின்ட் போன்ற சின்னச் செலவுகள் இன்ஷூரன்ஸ் பக்கம் போகாமல் நேராக உங்கள் டெபாசிட்டில் கழியும்.

மூன்றாவது, கார் ஷெட்டில் நிற்கும் நாட்களுக்கான வாடகை இழப்பு. சாதாரண பாலிசி இதைக் கொடுக்காது. பல ஒப்பந்தங்களில் இதையும் வாடிக்கையாளரே தர வேண்டும் என்று இருக்கும்.

அப்போ கவுன்டரில் விற்பது என்ன?

"சேதம் எவ்வளவு ஆனாலும் உங்களிடம் இந்தத் தொகைக்கு மேல் கேட்க மாட்டோம்" என்று கார் நிறுவனம் தரும் வாக்குறுதி. அவ்வளவுதான். இந்தியாவில் இன்ஷூரன்ஸ் பாலிசி வழங்க ஐ.ஆர்.டி.ஏ.ஐ பதிவு பெற்ற நிறுவனங்களால் மட்டுமே முடியும். இது உங்களுக்கும் கார் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் மட்டுமே.

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? தகராறு வரும்போது தெரியும். இன்ஷூரன்ஸ் என்றால் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதற்கு அங்கே போக முடியாது, நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த ஒப்பந்தமும் நீங்கள் எடுத்த வீடியோவும்தான்.

என் சொந்த கார் பாலிசி இதற்கு உதவாதா?

உதவாது. யூடியூபில் 'ரென்டல் கார் இன்ஷூரன்ஸ்' என்று தேடினால் "வாங்காதீங்க, உங்க சொந்த பாலிசியே போதும்" என்ற அட்வைஸ் நிறைய வரும். அது அமெரிக்கக் கதை. அங்கே பலருடைய சொந்த கார் பாலிசி வாடகை காருக்கும் பொருந்தும், சில கிரெடிட் கார்டுகளும் அந்தக் கவரைத் தரும். இந்தியாவில் ஓன் டேமேஜ் கவர் என்பது குறிப்பிட்ட அந்த வண்டிக்கு மட்டும்தான். வீட்டில் நிற்கும் உங்கள் காரின் பாலிசி, வாடகை காருக்குக் கை கொடுக்காது.

சரி, வாங்கலாமா வேண்டாமா?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். (இவை புரிதலுக்கான எண்கள். உங்கள் ஆப்பில் உள்ளதை வைத்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

மூன்று நாள் டிரிப். பேக் இல்லாமல் உங்கள் அதிகபட்சப் பொறுப்பு 10,000 ரூபாய். 900 ரூபாய் கொடுத்தால் அது 1,000 ரூபாயாகக் குறையும். அதாவது 9,000 ரூபாய் ரிஸ்க்கைத் தவிர்க்க 900 ரூபாய். பத்து டிரிப்பில் ஒரு முறை அந்த அளவுக்கு இடித்தால்தான் கணக்கு சமம். நிதானமாக ஓட்டுபவர், ஹைவேயில் மட்டும் போகிறவர் என்றால் அந்த 900 ரூபாய் வீண்தான்.

ஆனால் சில ஒப்பந்தங்களில், பேக் எடுக்காவிட்டால் முழுச் சேதத்துக்கும் நீங்களே பொறுப்பு என்று இருக்கும். அப்போது கணக்கே மாறுகிறது. ஒரு பெரிய இடியில் ஏர்பேக், சேஸிஸ் என்று பில் லட்சங்களில் வரும். அந்த மாதிரி இடத்தில் பேக்கை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது இல்லாவிட்டால் நான் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும்?" அந்தத் தொகையைக் கடன் வாங்காமல் கட்ட முடியும் என்றால் பேக் தேவையில்லை. முடியாது என்றால் வாங்குங்கள். லைசென்ஸ் எடுத்துச் சில மாதம்தான் ஆகிறது, மலைப்பாதை, பழக்கமில்லாத பெரிய வண்டி என்றால் வாங்கும் பக்கமே சாயலாம்.

பேக் வாங்கினாலும் எது கவர் ஆகாது?

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். பொதுவாக ஒப்பந்தங்களில் விலக்கப்படுபவை:

குடித்துவிட்டு ஓட்டுவது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே சட்டப்படி குற்றம்.

புக்கிங்கில் பெயர் இல்லாதவர் ஓட்டுவது. "கொஞ்ச தூரம் நான் ஓட்டுறேன் மச்சான்" என்று நண்பர் வாங்கிய அந்தக் கொஞ்ச தூரத்தில் இடித்தால், பேக் செல்லாமல் போகலாம்.

டயர், ரிம், சாவி, வண்டியின் அடிப்பாகம். ஸ்பீடு பிரேக்கரில் ஆயில் சம்ப் அடிபட்டால் செலவு உங்களுடையது.

விபத்தை உடனே தெரிவிக்காமல் விடுவது.

இதோடு தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சென்னைக்காரர்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தன. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றது அதனால்தான். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், சாதாரண பாலிசியில் அது கவர் ஆகாது. இன்ஜின் புரொடெக்‌ஷன் என்ற தனி ஆட்-ஆன் வேண்டும். வாடகை கார் தண்ணீரில் மாட்டினால் செல்ஃப் அடிக்காதீர்கள். இறங்கி, போன் செய்யுங்கள்.

ஓட்டுபவரின் உயிருக்கு என்ன பாதுகாப்பு?

காரைப் பற்றியே பேசிக்கொண்டு இதை மறந்துவிடுகிறோம். ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு பெயருக்கேற்றபடி ஓட்டும் உரிமையாளருக்கு மட்டும்தான். வாடகைக்கு எடுத்து ஓட்டுபவருக்கு அது கிடையாது.

தேர்டு பார்ட்டி கவரும் உதவுவது கடினம். இரவல் வாங்கிய பைக்கில் சென்று இறந்தவரின் குடும்பம் தொடுத்த வழக்கில், இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவர் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது தன் மேலேயே தவறு இருந்தால், அவர் அந்த வண்டியின் பாலிசியில் மூன்றாம் நபராக இழப்பீடு கேட்க முடியாது. எனவே உங்களிடம் சொந்தமாகத் தனிநபர் விபத்துக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் இருக்கிறதா என்று பாருங்கள். டேமேஜ் பேக்கை விட இது முக்கியம்.

வெள்ளை போர்டு கார் என்றால்?

"தெரிஞ்ச அண்ணன் கார், நாளைக்கு ரெண்டாயிரம்தான்" என்று வாட்ஸ்அப்பில் வரும் கார்களில் பெரும்பாலானவை ஓன் போர்டு. சட்டப்படி செல்ஃப் டிரைவ் வாடகை காருக்குக் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை போர்டு காரின் பாலிசியில், வாடகைக்கு விட்டால் கவர் இல்லை என்று எழுதியே இருக்கும்.

அந்த காரில் போய் ஒருவர் மேல் மோதினால், "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று இன்ஷூரன்ஸ் நிறுவனம் வாதாடச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அந்த வாதம் ஏற்கப்பட்டால் லட்சக்கணக்கான இழப்பீட்டுச் சுமை உரிமையாளர் மேலும், ஓட்டிய உங்கள் மேலும் திரும்பும். இந்த இடத்தில் எந்த டேமேஜ் பேக்கும் காப்பாற்றாது. மிச்சமாகும் ஆயிரம் ரூபாய்க்கு இந்த ரிஸ்க் தேவையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

சாவி வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

1. எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு, இன்ஷூரன்ஸ் தேதியையும் வாகன வகையையும் பாருங்கள். 'மோட்டார் கார்' என்றால் அது சொந்த உபயோக வண்டி, 'மோட்டார் கேப்' என்றால் வாடகை வண்டி.

2. அதிகபட்சப் பொறுப்புத் தொகை, விலக்குகள் உள்ள பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

3. காரைச் சுற்றி ஒரு வீடியோ. பம்பரின் கீழ்ப்பகுதி, நான்கு டயர், ஸ்டெப்னி, கிலோமீட்டர் ரீடிங் எல்லாம் அதில் வரட்டும். காரைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அதே மாதிரி இன்னொரு வீடியோ.

4. ஓட்டப் போகும் எல்லோருடைய பெயரையும் புக்கிங்கில் சேருங்கள்.

5. யாருக்காவது காயம் என்றால் முதலில் ஆஸ்பத்திரி. பிறகு 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தகவல் கொடுப்பது சட்டப்படி டிரைவரின் கடமை. கார் நிறுவனத்துக்கும் உடனே சொல்லிவிடுங்கள்.

இந்த ஐந்துக்கும் சேர்த்து பத்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. பேக் வாங்குவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.