பனியாற்றுக் குளியல்

வெளிநாட்டில் படித்த இந்திய மாணவர்களின் மலைப்பயணங்களில் நன்கு பதிவானது ஜவாஹர்லால் நேருவுடையது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் 1910இல் பட்டம் பெற்ற கையோடு நார்வே மலைகளில் நடந்து திரிந்தவர், களைத்துப்போய்ச் சிறு விடுதியொன்றில் குளிக்க இடம் கேட்டார். பக்கத்து ஓடையைக் காட்டினார்கள். பனியாற்றிலிருந்து இறங்கும் ஓடை, ஆழமில்லை. ஆனால் கால் வழுக்கியது, குளிரில் உடம்பு மரத்தது, நீர் இழுத்துப் போனது. கூட வந்த ஆங்கில இளைஞர் கரையோரம் ஓடிக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். இருநூறு முந்நூறு கெஜம் தள்ளிப் பெரிய அருவி. சுயசரிதையில் நேருவே எழுதியிருக்கிறார்.

இன்று வெளிநாடு படிக்கப் போகும் மாணவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. தென் தமிழ்நாட்டின் குமாரலிங்கபுரம், திருச்சுழி வட்டாரப் பிள்ளைகள் கிணற்றிலும், நிறைந்த ஆண்டுகளில் கண்மாயிலும் நீந்தப் பழகுபவர்கள். அந்தத் தண்ணீர் உடம்பை அதிர வைக்காது. 15 டிகிரி செல்சியசுக்குக் கீழான நீர் வேறு: முதல் நிமிடத்தில் மூச்சு தன்வசம் இருக்காது, பத்து நிமிடத்தில் கைகால் சொன்னபடி கேட்காது. தேர்ந்த நீச்சல்காரருக்கும் இதே கதிதான். ஆகவே ஊர் நீச்சலை நம்பி ஐரோப்பிய ஏரியில் தனியாக இறங்குவது வீரமல்ல, அறியாமை. விசாவையும் கட்டணத்தையும் பற்றி மணிக்கணக்கில் பேசும் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையங்கள் இதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.